உடையின் வயதை எண்ணிய ஆசிரியர்

நெசவாளர்க்கும் விவசாயிகட்கும் உரிய இவ்விதழில் ஓர் ஆங்கில நூலாசிரியரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று உறுப்பினர் சிலர் எண்ணக்கூடும். நூல் விலையும் சாய விலையும் கடன் தவணையும் நம் கவனத்தை முற்றிலும் ஈர்த்திருக்கும்போது, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒருவருடைய புத்தகங்கள் தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கு என்ன பயன் தரும்? இவ்வினா நியாயமானதே. ஆயினும், நெய்த துணி விற்பனை நிலையத்தின் அலமாரியில் ஆண்டுக்கணக்காகத் தேங்கிக் கிடப்பது ஏன்? ஒரு காலத்தில் விரும்பி வாங்கப்பட்ட கரை மறுகாலத்தில் கண்ணெடுத்தும் பார்க்கப்படாதது ஏன்? இவ்விரண்டு வினாக்களும் நம் சங்கங்களின் வரவு செலவை ஆண்டுதோறும் வாட்டுகின்றவை. இவற்றுக்கு வாழ்நாளெல்லாம் விடை தேடிய ஒருவரை அறிந்துகொள்வது நமக்கு வீண் வேலையாகாது. அவர்தாம் ஜேம்ஸ் லேவர்.

எத்தனை துறை, எத்தனை நூல்!

லேவர் 1899-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் பிறந்தார். தந்தையார் அச்சுத் தொழில் செய்தவர். குடும்பம் கடுமையான சமய ஒழுக்கம் உடையது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் நியூ காலேஜில் பயின்ற லேவர், 1921-இல் அங்குக் கவிதைக்கென வழங்கப்பெறும் நியூடிகேட் பரிசைப் பெற்றார். அடுத்த ஆண்டே லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் பணியில் அமர்ந்தார். 1938 முதல் 1959 வரையில் அங்கு அச்சுச் சித்திரங்களுக்கும் ஓவியங்களுக்கும் உரிய பிரிவின் காப்பாளராக விளங்கினார்.

பகலில் பொருட்காட்சி சாலை அலுவல். மற்ற நேரமெல்லாம் எழுத்து. அவர் எழுதிய நூல்களின் வகையைக் காண்போர் இவை யாவும் ஒருவர் எழுதியவைதாமா என்று ஐயுறுவர். செதுக்குச் சித்திரக் கலையின் வரலாறு ஒன்று 1929-இல் வந்தது. ஓவியர் விஸ்லரின் வாழ்க்கை வரலாறு 1930-இல் வெளியாயிற்று. 1932-இல் அவர் எழுதிய ‘நிம்ஃப் எரன்ட்’ என்னும் நாவல் மறு ஆண்டே இசை நாடகமாக்கப்பட்டு, கோல் போர்ட்டரின் பாடல்களுடன் லண்டன் மேடையேறியது. கிளாபுண்ட் என்னும் ஜெர்மானிய ஆசிரியரின் ‘சுண்ணாம்பு வட்டம்’ நாடகத்தை அவர் ஆங்கிலமாக்கினார். பிரெஞ்சு தேசத்தில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாஸ்ட்ரடாமஸ் என்னும் வருங்காலம் உரைப்போரைப் பற்றி 1942-இல் ஒரு நூல் வந்தது. விக்டோரியா அரசியார் காலத்து வாழ்க்கை, நாடக மேடையின் உடையும் அமைப்பும், குழந்தைகளின் உடை என நூல்கள் தொடர்ந்தன. 1948-இல் ‘பிரிட்டிஷ் இராணுவச் சீருடைகள்’ என்னும் சிறு நூலையும் அவர் எழுதினார். 1963-இல் தம் வாழ்க்கையையே ‘மியூஸியம் பீஸ்’ என்ற பெயரால் எழுதி வைத்தார்.

நாடகக்காரர்களிடையே அவர் பொருட்காட்சி சாலைக்காரர். பொருட்காட்சி சாலையாரிடையே அவர் நாடகக்காரர். இரு சாராரும் அவரைத் தம்மவராக முழுமையாகக் கொள்ளவில்லை என்பதை அவரே நகைச்சுவையுடன் குறித்திருக்கிறார். எனினும் இவ்வளவு நூல்களுக்கும் ஊடே ஓடும் பாவு ஒன்று உண்டு. மனிதர் ஒவ்வொரு காலத்திலும் எதை அழகென்று கொள்கின்றனர், அக்கருத்து ஏன் மாறுகின்றது என்பதே அது.

படத்தின் தேதியிலிருந்து உடையின் இயல்புக்கு

உடை வரலாற்றுக்கு லேவர் வந்த வழி நாம் கவனிக்கத்தக்கது. உடையின்பால் கொண்ட ஆசையால் அவர் அதற்கு வரவில்லை. பொருட்காட்சி சாலையில் தேதி குறிக்கப்படாத ஓவியங்களும் அச்சுப் படங்களும் குவிந்திருந்தன. அவை எந்த ஆண்டைச் சார்ந்தவை என்று கணிப்பது அவர் அலுவல். படத்திலுள்ள பெண்ணின் கையுறையும் தோட்பட்டையும், ஆணின் கழுத்துப் பட்டியும் எந்த ஆண்டுகளில் வழங்கின என்று தெரிந்தால் படத்தின் காலம் தெரிந்துவிடும். இவ்வாறு எது, எப்போது என்று அறியத் தொடங்கியவர், பின்னர் எவ்வாறு, ஏன் என்று வினவலானார். அந்த ஆய்வின் பயனாக 1937-இல் ‘டேஸ்ட் அண்ட் ஃபேஷன்’ என்னும் நூல் பிறந்தது. அதே ஆண்டு, அப்போதுதான் பிறந்திருந்த தொலைக்காட்சியில் உடை வரலாற்றைப் பற்றிய நிகழ்ச்சித் தொடர் ஒன்றிலும் அவர் பங்கு கொண்டார்.

மேற்சொன்ன நூலில் அவர் அமைத்த ஒரு வரிசையைப் பின்வந்தோர் ‘லேவர் விதி’ என வழங்கலாயினர். அதன் சாரம் இது. ஓர் உடை தன் காலத்துக்குப் பத்தாண்டு முன்னர்த் தோன்றினால் அதை மக்கள் ஒழுக்கக்கேடு என்பர். ஓராண்டு முன்னர் வந்தால் துணிச்சல் என்பர். உரிய காலத்தில் நேர்த்தி என்பர். காலம் கடந்து ஓராண்டானால் அது பொலிவிழந்ததாகும், பத்தாண்டானால் அருவருப்பாகும், இருபதாண்டானால் நகைப்புக்கு இடமாகும். முப்பதாண்டில் அது வேடிக்கைப் பொருளாகும். எழுபதாண்டில் இனிமை பெறும். நூற்றைம்பதாண்டில் அழகென்றே போற்றப்படும்.

நம் சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்வையிடுங்கால் இவ்வரிசை நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நேற்று நெய்த சேலைக்கும் மூன்றாண்டுக்கு முன் நெய்த சேலைக்கும் பதிவேட்டில் விலை ஒன்றே. வாங்க வருபவர் கண்ணில் அவற்றின் விலை ஒன்றன்று. இழை கெடவில்லை, சாயம் போகவில்லை, அளவு குறையவில்லை. ஆயினும் துணி விலை போகவில்லை. இங்கே மூப்படைந்தது துணியன்று. துணியைப் பற்றிய எண்ணம். நிர்வாகக் குழுவினர் இதனை உணராது தள்ளுபடிக் காலத்தையே நம்பி வருடக்கணக்காகக் காத்திருப்பின், லேவர் சொல்லும் ஓராண்டுப் பருவத்தில் விற்றிருக்கவேண்டிய துணி பத்தாண்டுப் பருவத்தை எட்டிவிடுகிறது. அவ்விழப்பு எவருடையது? கூலியை எதிர்நோக்கி இருக்கும் நெசவாளருடையது.

அவ்வரிசையின் மறு பாதியையும் நாம் மறத்தலாகாது. பாட்டியர் உடுத்தியது என்று பேத்தியர் ஒதுக்கிய காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை இன்று மதிப்புடன் தேடப்படுகின்றது. 2019-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. எனவே விற்காத பழைய துணியை விற்றுத் தீர்ப்பது வேறு. பழைய கரையின் மாதிரியை அழித்துவிடுவது வேறு. துணியைக் காலத்தே விற்கவேண்டும். மாதிரியை என்றும் காக்கவேண்டும்.

சீருடை என்னும் விந்தை

இனி அவர்தம் சீருடை நூலுக்கு வருவோம். ‘கிங் பெங்குவின்’ என்னும் வரிசையில் வந்த நூல் அது. 1939 முதல் 1959 வரை எழுபத்தாறு நூல்கள் அவ்வரிசையில் வெளியாயின. கெட்டி அட்டையும் வண்ணப் படங்களும் கொண்டு, கைக்கு அடக்கமாக, எளிய விலையில் வந்தவை. பொருட்காட்சி சாலையில் அடைந்து கிடந்த அறிவை வீட்டுக்கு வீடு கொண்டு சென்ற முயற்சி அது என்னலாம்.

உடை எதன்பொருட்டு அணியப்படுகிறது என்பதற்கு லேவர் மூன்று தத்துவங்களைக் கூறுவார்: உடலுக்குப் பயன்படுதல் ஒன்று, தகுதியைக் காட்டுதல் மற்றொன்று, பிறரைக் கவர்தல் மூன்றாவது. இம்மூன்றில் பயன் என்பதே மிகச் சிறிய பங்கு என்பது அவர் கருத்து. இதனைச் சோதித்தறிய இராணுவச் சீருடையைவிடச் சிறந்த உரைகல் இல்லை. உயிர் போகும் இடத்தில் அணியும் உடையாயிற்றே, அதிலேனும் பயன் முதலிடம் பெறவேண்டாவா? ஆனால் நடந்தது யாது? உயர்ந்த தொப்பி, இறுகிய சட்டை, மின்னும் பொத்தான், எவர் கண்ணுக்கும் தப்பாத சிவப்பு!

அச்சிவப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. 1645-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அமைத்த புதிய படைக்குச் சிவப்பு அங்கி அளிக்கப்பட்டது. அக்காலத்துத் துப்பாக்கி நூறு கஜத்துக்கு மேல் குறி தவறும். வெடிமருந்துப் புகையோ போர்க்களத்தையே மூடும். தன் படை எது, மாற்றான் படை எது என்று தெரிவதற்குப் பளிச்சென்ற நிறம் வேண்டியிருந்தது. தொலைவில் குறி வைக்கும் துப்பாக்கியும், 1880-களில் புகையற்ற வெடிமருந்தும் வந்தபின், கண்ணுக்குத் தெரிவதே ஆபத்தாயிற்று. பிரிட்டிஷ் படை சிவப்பு அங்கியுடன் போரிட்டது 1885 டிசம்பரில் சூடான் நாட்டு ஜின்னிஸ் என்னும் இடத்தில்தான் கடைசி முறை. பின்னர்க் காக்கி நிறம் வந்தது. அச்சொல் தூசியைக் குறிக்கும் பாரசீக மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அந்நிறத்தை 1840-களின் இறுதியில் படைக்கு ஏற்றதும் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த வழிகாட்டிப் படையே. 1902-இல் இங்கிலாந்திலும் மண்நிறமே போர் உடைக்கு விதிக்கப்பட்டது. இன்று சிவப்பு அங்கி அரண்மனை வாயிலில் காவலர் அணியும் கோலமாக மட்டுமே நிற்கின்றது. பயன் ஒழிந்த பின்னரும் தகுதிக்காக உடை நிலைத்து நிற்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஒரே நிறத்தை நம்பியோர் கதை

சீருடையின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் தளபதிகளைக் காண்பர். நம் கண்ணுக்கு அங்குத் தெரிபவர் வேறு மக்கள். அச்சிவப்புத் துணியை நெய்தவர் எவர், சாயத்தை விளைவித்தவர் எவர் என்றே நாம் கேட்கிறோம்.

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் மாவட்டத்து ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கு செந்நிறக் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. சாதாரண வீரர் அங்கிக்கு மஞ்சிட்டி இனத்தைச் சார்ந்த மேடர் என்னும் செடியின் வேர்ச்சாயம். அதிகாரிகளின் அங்கிக்கு அமெரிக்கக் கள்ளிச்செடியில் வளரும் கோச்சினீல் பூச்சியின் விலையுயர்ந்த சாயம். தகுதி வேறுபாடு சாயத்தொட்டியிலேயே தொடங்கிவிட்டது.

பிரெஞ்சுப் படையின் காலாட்கள் 1829 முதல் செந்நிறக் காற்சட்டை அணிந்தனர். தென் பிரான்சின் வோக்லூஸ் மாவட்டத்து விவசாயிகள் மேடர் பயிரை நம்பி வாழ்ந்தனர். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் இரு ஜெர்மானிய விஞ்ஞானிகள் அவ்வேரிலுள்ள அலிஸரின் என்னும் சாயப் பொருளைச் செயற்கையாகச் செய்யும் முறையைக் கண்டனர். சில ஆண்டுகளுக்குள் வேரின் விலை சரிந்தது. வயல்கள் வேறு பயிருக்கு மாறின. நம் சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் சிவப்பூட்டி வந்த சாயவேரும் அச்செயற்கைச் சாயத்தின் முன் நிற்கமாட்டாது தாழ்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 1914-இல் பிரெஞ்சு அரசாங்கம் நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய மூவகைக் கம்பளி இழைகளையும் கலந்து நெய்த புதுத் துணியைப் படைக்குத் தேர்ந்தது. போர் மூண்டதும் ஓர் உண்மை வெளிப்பட்டது: சிவப்புச் சாயம் பகை நாடாகிய ஜெர்மனியிலிருந்தன்றோ வந்துகொண்டிருந்தது! சிவப்பிழையை நீக்கி, நீலத்தையும் வெள்ளையையும் மட்டும் கலந்து நெய்தனர். ‘அடிவான நீலம்’ என்று உலகம் புகழ்ந்த நிறம் இவ்வாறு பிறந்தது. இதற்கு நூறாண்டு முன்னரும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. ஆங்கிலேயருடன் பகை மூண்டு அவுரி நீலம் அருகியபோது, நெப்போலியன் தன் காலாட்படையில் சிலருக்கு வெள்ளை உடை அளித்துப் பார்த்தான்; அது வெகு விரைவில் கைவிடப்பட்டது.

ஒரே வாங்குபவரையும் ஒரே நிறத்தையும் நம்பிய தொழில், எங்கோ எழுதப்படும் ஓர் ஆணையாலும் எங்கோ நிகழும் ஒரு கண்டுபிடிப்பாலும் ஒரு பருவத்தில் நிலைகுலையும் என்பதையே இவை காட்டுகின்றன. நம் மாநிலத்தில் பள்ளி மாணவர்க்கு இலவசச் சீருடை வழங்கும் திட்டம் 1985-இல் தொடங்கியது. அதற்குரிய துணியை நெய்து தரும் சங்கங்கட்கு அது நிலையான வேலையை அளித்துள்ளது. அதன் நன்மையை எவரும் குறைத்துப் பேசவியலாது. ஆயினும் சங்கத்தின் தறிகள் யாவும் அவ்வொரு துணிக்கே இயங்கி, இளைஞர் வேறு கரையும் வேறு எண் நூலும் அறியாது வளர்வராயின், வோக்லூஸ் விவசாயிகளின் நிலை நமக்கும் நேரலாம். பத்துத் தறிக்கு இரண்டேனும் சந்தைத் துணியை நெய்தல் நன்று என்பது நம் கருத்து.

இடைத்தரகரும் முத்திரை மாதிரியும்

சீருடை வரலாற்றில் கூட்டுறவாளர் கூர்ந்து நோக்கவேண்டிய பக்கம் மற்றொன்று உண்டு. பிரிட்டிஷ் படையில் நெடுங்காலம் ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் உடை வாங்கித் தரும் பொறுப்பு அதன் கர்னலிடம் இருந்தது. வீரரின் சம்பளத்தில் உடைக்கென ஒரு பகுதி பிடிக்கப்படும், கர்னல் துணி வியாபாரியிடம் பேசி வாங்குவார், மிச்சம் அவருடையது. துணியின் தரம் குறையக் குறைய அவர் இலாபம் ஏறும். குளிரில் நடுங்கியவர் வீரர். 1850-களின் நடுவில்தான் இம்முறை ஒழிந்தது. உழைப்பவருக்கும் பொருளுக்கும் நடுவில் நிற்பவர் கொழுப்பது எந்நாட்டிலும் ஒன்றே.

இக்கேட்டை அடக்க ஏற்பட்ட ஒழுங்கு ‘முத்திரை மாதிரி’ ஆகும். ஒப்புக்கொள்ளப்பட்ட உடையின் மாதிரியில் அரக்கு முத்திரை இட்டு வைத்து, வந்து சேரும் சரக்கை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். இம்முறை இல்லாத இடத்தில் நேரும் இடர் 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தெரிந்தது. பழங்கந்தலைக் கிழித்து நூற்று நெய்த ‘ஷாடி’ என்னும் துணியால் தைத்த உடைகள் மழையில் கரைந்தாற்போல் கிழிந்தன. ஒரு துணியின் பெயர் அன்றிலிருந்து ஆங்கிலத்தில் மட்டமான பொருள் அனைத்துக்கும் வசைச்சொல்லாயிற்று. பெயர் கெடுவதற்கு ஒரு பருவத்துச் சரக்குப் போதும்.

தொழிலாளர் கல்லூரியில் லேவர்

லேவர் கனவான்களின் விருந்தறைகளில் மட்டும் உலவியவர் அல்லர். லண்டன் கேம்டன் டவுனிலுள்ள தொழிலாளர் கல்லூரியில் சில ஆண்டுகள் மாலைநேரக் கலை வகுப்புகளுக்குப் பொறுப்பேற்றிருந்தார். அக்கல்லூரியை 1854-இல் தோற்றுவித்தவர் எஃப். டி. மாரிஸ் என்னும் சமயப் பெரியார்; அவருக்குத் துணை நின்றோர் லட்லோ, தாமஸ் ஹியூஸ் போன்றோர். கூட்டுறவுச் சங்கங்கட்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த 1852-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்துக்காக உழைத்தவர்களும் அவர்களே. ஆகவே கூட்டுறவு இயக்கத்தின் உடன்பிறப்பான ஒரு நிலையத்தில் அவர் பணியாற்றினார் எனலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேமிப்பு இயக்கத்தின் பொருட்டும் பல ஊர்களுக்குச் சென்று அவர் சொற்பொழிவாற்றினார்.

குறையும் நிறையும்

லேவர் கூறியவற்றையெல்லாம் வேதவாக்காகக் கொள்ளவேண்டுவதில்லை. அவர் அமைத்த ஆண்டு வரிசை காண்பதற்கு அழகியது. ஆயினும் அது தராசில் நிறுத்த கணக்கன்று. அவர் பெரும்பாலும் நோக்கியது மேனாட்டு நகரத்துச் செல்வர் உடையையே. வயலில் உழுபவர் கட்டும் நாலு முழ வேட்டியும், திருமணத்துக்குரிய கூறைப்புடவையும் அவருடைய வரிசைக்குள் அடங்கமாட்டா. அவற்றின் காலம் ஃபேஷனின் காலமன்று. ஆண் உடை தகுதிக்கு, பெண் உடை கவர்ச்சிக்கு என்று அவர் பிரித்ததையும் பின்வந்த ஆய்வாளர் பலர் ஒப்பவில்லை. அளவுக்கு மீறிப் பல துறைகளில் எழுதுவோர்க்கு ஆழம் குறைவதும் இயல்பே.

இக்குறைகள் இருப்பினும், 1969-இல் வெளிவந்த அவருடைய சுருக்கமான உடை வரலாறு, பிறர் எழுதிச் சேர்த்த அதிகாரங்களுடன் அவர் மறைவுக்குப் பின்னரும் பலமுறை பதிப்பிக்கப்பட்டுள்ளது. அவர் 1975-இல் லண்டன் பிளாக்ஹீத்தில் தம் இல்லத்தில் நேர்ந்த தீ விபத்தில் உயிர் நீத்தார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை நான்கு. இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு துணிக்கும் நெய்த மாதத்தைக் குறித்து, ஓராண்டு கடந்தவற்றைத் தனியே பிரித்துப் பொதுக்குழுவின் முன் வைத்தல் ஒன்று. ஒவ்வொரு கரைக்கும் ஒரு முழத் துணியைச் சங்க முத்திரையிட்டு, நெய்தவர் பெயருடனும் ஆண்டுடனும் பெட்டியில் காத்து வருதல் இரண்டு. ஒரே கொள்முதலை நம்பியிருக்கும் சங்கங்கள் தறிகளில் ஒரு பகுதியையேனும் வேறு துணிக்கு ஒதுக்குதல் மூன்று. சங்க வாசகசாலைக்குக் கணக்கு விதி நூல்களுடன், உடையைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் நல்ல நூல்கள் சிலவற்றையும் வாங்கி வைத்தல் நான்கு.

இவற்றுள் முதலாவதற்குப் பணச்செலவு யாதும் இல்லை. ஒரு பத்தியைப் பதிவேட்டில் கூடுதலாக வரைந்தால் போதும். வருகின்ற பொதுக்குழுவிலேயே உறுப்பினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டு வருவார்களாக.